சன்பையில் சூரிய வீடியோ: முக்கால் வழி அருமை, மீதி உங்கள் பாடு

சூரியத் தொலைநோக்கிப் படங்களை பைத்தானில் வீடியோவாக்க எதை எடுக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவது சன்பை என்ற லைப்ரரியைத்தான். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். தரவைத் தேடி இறக்குவது, கோப்பைத் திறப்பது, எந்தப் பிக்சல் சூரியனில் எந்த இடம் என்று கணக்கு வைத்துக்கொள்வது, இதிலெல்லாம் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதை அடிக்க ஆளில்லை. படங்களை வரிசையாக ஓடவிட்டு ஒரு எம்பி4 கோப்பாக வெளியே எடுக்கிற கடைசிக் கட்டத்தில்தான் நம்மைக் கைகழுவிவிடும். அதையும் வெளிப்படையாகச் செய்யாது. வீடியோ வரும், ஓடும், ஆனால் பழைய டியூப்லைட் மாதிரி மினுக்கிக்கொண்டே ஓடும். அது சூரியன் செய்த வேலையா நம் கோட் செய்த வேலையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

முதலில் தரவைப் பற்றி இரண்டு வார்த்தை. சூரிய வீடியோ என்று இணையத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பங்கு நாசாவின் எஸ்டிஓ விண்கலத்திலிருந்து வருவது. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்டது, ஒரு நாளைக்குச் சுமார் 1.5 டெராபைட் தரவு அனுப்புகிறது. அதிலுள்ள ஏஐஏ என்ற கருவியில் நான்கு தொலைநோக்கிகள், பத்து அலைநீளப் பட்டைகள். தீவிரப் புறஊதாப் பட்டைகள் ஏழிலும் 12 விநாடிக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் 4096க்கு 4096 பிக்சல், ஒரு பிக்சல் சூரியனில் ஏறக்குறைய 435 கிலோமீட்டர். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதே பெரிய விஷயம். முன்பு இந்தத் தரவோடு மல்லுக்கட்ட ஐடிஎல் என்ற நிரல்மொழியும் அதன் மேல் சோலார்சாஃப்ட் என்ற சூரியத் தரவுத் தொகுப்பும் தேவைப்பட்டன, ஐடிஎல் உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டும். சன்பை வந்து அந்தக் கதவைத் திறந்துவிட்டது, 2019ல் 1.0 பதிப்பு வந்த பிறகு தைரியமாக நம்பி இறங்கலாம் என்ற நிலையும் வந்தது.

சன்பையில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபிடோ. தரவு தேடி இறக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். நேரம், கருவி, அலைநீளம், எவ்வளவு இடைவெளிக்கு ஒரு படம் என்று நாலு விஷயத்தைச் சொன்னால் போதும், எந்த சர்வரில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. தேடலின் விடை ஒரு அட்டவணையாக வரும், அதைப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லலாம். நூற்றுக்கணக்கில் கோப்பு இறக்கும்போது நடுவில் சில அறுந்துபோகும், அது இந்தத் துறையில் சகஜம். இறக்கி முடித்து ஃபிடோ திருப்பித் தந்த பட்டியலை மறுபடி ஃபிடோவிடமே கொடுத்தால் அறுந்துபோனதை மட்டும் மீண்டும் இறக்கும். இதைச் செய்யாமல் விட்டால் வீடியோவில் திடீரென்று ஒரு குதி இருக்கும், சூரியனில் ஏதோ வெடித்தது என்று நினைத்து நீங்கள் சந்தோஷப்படலாம். அதனால் இறக்கி முடித்ததும் அடுத்தடுத்த படங்களின் நேர வித்தியாசத்தை ஒருமுறை கணக்குப் பாருங்கள், இரண்டு வரி கோட்தான்.

முழுச் சூரிய வட்டும் வேண்டாம், ஒரு சூரியப்புள்ளிக் கூட்டம் மட்டும் போதும் என்றால் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜேசாக் என்ற எஸ்டிஓ தரவு மையம் வழியாகப் போங்கள். மின்னஞ்சல் முகவரியை முதலில் பதிவு செய்யவேண்டும், அது ஒரு சின்னத் தொல்லை. பதிலுக்குக் கிடைப்பது கட்அவுட் வசதி: வேண்டிய சதுரத்தைச் சொன்னால் வெட்டும் வேலை சர்வரிலேயே நடந்து அந்தத் துண்டு மட்டும் வரும், சூரியன் சுழலச் சுழல அந்தச் சதுரமும் கூடவே நகரும்படியும் கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 12 விநாடி இடைவெளியில் 300 படங்கள், முழு அளவில் இறக்கினால் பல ஜிபி, கட்அவுட்டில் அதில் ஒரு துளிதான். வீடியோ செய்ய நினைக்கும் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் சரியான வழி, ஆனால் ஆவணங்களில் இது முதலில் கண்ணில் படுவதில்லை என்பது என் முதல் குறை.

இறக்கியாயிற்று, அடுத்து மேப். சன்பையில் ஒரு படம் என்பது வெறும் எண் அட்டவணை அல்ல, எப்போது எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் வடக்கு என்பதெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பகுதியை வெட்டச் சொன்னால் வெறும் எண்ணை ஏற்காது, அது ஆர்க்செகண்டா (வானில் கோணத்தை அளக்கும் நுண்ணிய அலகு) பிக்சலா என்று அலகோடு சொல்லியே ஆகவேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் எஸ்டிஓவிலுள்ள இன்னொரு கருவியான ஹெச்எம்ஐயின் படத்தை வெறும் அட்டவணையாக எடுத்துப் போட்டால் சூரியன் தலைகீழாக இருக்கும். அந்தக் கேமரா கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்பிய நிலையில் படம் எடுக்கிறது, கோப்பின் ஹெடரில் அது எழுதியிருக்கிறது, மேப் அதைப் படித்துத் தெரிந்துவைத்திருக்கும். ரொட்டேட் என்று ஒரு வார்த்தை சொன்னால் நேராகிவிடும்.

ஏஐஏ தரவுக்கென்று ஏஐஏபை என்ற துணை லைப்ரரி தனியாக இருக்கிறது, அதையும் சேர்த்தே நிறுவிவிடுங்கள். வரும் கோப்புகள் லெவல் 1, அதாவது நான்கு தொலைநோக்கிகளின் படங்களும் ஒன்றுக்கொன்று அளவிலும் மையத்திலும் மயிரிழை வேறுபடும். ரெஜிஸ்டர் என்ற ஃபங்ஷன் எல்லாவற்றையும் பிக்சலுக்கு 0.6 ஆர்க்செகண்ட் என்று ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, சூரியனை நடுவில் உட்காரவைக்கும். ஒரே அலைநீளத்தில் சின்ன வீடியோ என்றால் இதை விட்டுவிட்டாலும் குடி முழுகிவிடாது. 171, 193, 304 ஆகிய பட்டைகளை (ஆங்ஸ்ட்ராம் அலகில் அலைநீளங்கள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் கட்டாயம். பல ஆண்டுகளை ஒரே வீடியோவில் தொகுக்கிறீர்கள் என்றால் கருவியின் உணர்திறன் குறைந்துகொண்டே வருவதையும் திருத்தவேண்டும், அதற்கும் இதில் ஃபங்ஷன் உண்டு. 304 பட்டை இதில் மிக மோசமாக அடிவாங்கியது, திருத்தாமல் விட்டால் வருடா வருடம் சூரியன் மங்கிக்கொண்டே போகிற மாதிரி ஒரு பொய் வீடியோ கிடைக்கும்.

இப்போது வீடியோ. சன்பை இதற்குத் தருவது மேப்சீக்வென்ஸ். கோப்புகளின் பட்டியலைக் கொடுத்து, சீக்வென்ஸ் வேண்டும் என்று சொன்னால் ஒரு தொடர் தயார், பிளாட் என்று கூப்பிட்டால் பைத்தானின் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பில் அனிமேஷன் தயார், சேவ் என்றால் எம்பி4 தயார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது முப்பது படத்துக்கு நன்றாகவே வேலையும் செய்கிறது. அதைத் தாண்டினால் மூச்சு வாங்கும். முழு அளவுப் படம் ஒன்று நினைவகத்தில் 32 பிட் எண்களாக 64 எம்பி, 64 பிட் என்றால் 128 எம்பி, 300 படம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மேட்பிளாட்லிப்பும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அச்சு, எண்கள், தலைப்பு என்று எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது, அதனால் வேகமும் இல்லை. இன்னொன்று, பிளாட் திருப்பித் தருவதை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிப் போட்டுவிடும், திரையில் அசையாத படம் ஒன்றுதான் மிஞ்சும். ஜூப்பிட்டர் நோட்புக்கில் நேரடியாகப் பொதித்துக் காட்டலாம் என்றால் அங்கே இயல்பாக 20 எம்பி வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டிய ஃப்ரேம்களைச் சத்தமில்லாமல் இல்லை, ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

மினுக்கலுக்கு வருவோம், இந்த விமர்சனத்தை எழுதக் காரணமே அதுதான். 2011 ஜூன் 7 நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். எம்2.5 அளவுள்ள நடுத்தரமான ஃப்ளேர்தான் (சூரியனில் திடீரென்று எழும் ஒளி வெடிப்பு), ஆனால் அதோடு எழும்பிய பொருள் பிரம்மாண்டமானது, அதில் பெரும்பகுதி தப்பிக்க முடியாமல் கருப்புக் கருப்பாகத் திரும்பிச் சூரியன் மேல் மழை மாதிரி விழுந்தது, விழுந்த இடமெல்லாம் பளிச்சென்று மின்னியது. சூரிய வீடியோ பழக இதைவிட நல்ல நிகழ்வு கிடைக்காது. காலை 6 மணி யூடி (உலக நேரம்) முதல் நான்கு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்தால் 240 ஃப்ரேம், விநாடிக்கு 24 வீதம் பத்து விநாடி வீடியோ. இதை மேப்சீக்வென்ஸில் அப்படியே போட்டு ஓட்டினால், ஃப்ளேர் வெடிக்கும் தருணத்தில் அது பிரகாசமாவதற்குப் பதில் மீதிச் சூரியன் இருண்டுபோகும். காரணம், எந்த எண் கருப்பு எந்த எண் வெள்ளை என்பதை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஒரு மூலையில் சில பிக்சல் எகிறினால் மற்ற எல்லாம் கீழே போய்விடும். தீர்வு எளிது: எண்களை வெளிச்சமாக மாற்றும் இமேஜ்நார்மலைஸ் ஒன்றை நீங்களே செய்து, கீழ் எல்லை மேல் எல்லை இரண்டையும் நிலையாகக் குறித்து, மங்கலானதைத் தூக்கிக் காட்டும் இன்வர்ஸ் ஹைப்பர்பாலிக் சைன் நீட்டலோடு எல்லா மேப்புக்கும் அதையே மாட்டுங்கள். எல்லையை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃப்ளேர் நடக்கும் ஒரு ஃப்ரேமையும் அமைதியான ஒன்றையும் எடுத்து 99.9 சதமானம் எங்கே விழுகிறது என்று பாருங்கள், நடுவில் ஒரு எண்ணில் வந்து நில்லுங்கள். கொஞ்சம் வெளுத்துப்போனால் போகட்டும்.

அதைச் செய்தபிறகும் மினுக்கும். ஏனென்றால் எல்லாப் படங்களும் ஒரே எக்ஸ்போஷரில், அதாவது கேமரா ஒளியை வாங்கும் ஒரே நேர அளவில், எடுத்தவை அல்ல. 171 பட்டையில் வழக்கமாக 2 விநாடி. ஃப்ளேர் வந்ததும் தானியங்கிக் கட்டுப்பாடு விழித்துக்கொண்டு எக்ஸ்போஷரைக் குறைக்கும், அதிலும் எல்லாவற்றையும் குறைக்காது, ஒன்று விட்டு ஒன்று குறைக்கும், ஒரு படம் குறுகியது, அடுத்தது வழக்கமானது. அப்படியே ஓட்டினால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் ஏறி இறங்கும். ஒவ்வொரு மேப்பையும் அதன் எக்ஸ்போஷர் நேரத்தால் வகுத்துவிட்டால் பெரும்பகுதி சரியாகும், சன்பையில் மேப்பை நேரடியாக அந்த மதிப்பால் வகுக்கலாம், அலகும் தானாக மாறிவிடும், அழகான வேலை. ஆனாலும் ஃப்ளேரின் நடுமையத்தில் பிரச்சினை தீராது: வழக்கமான எக்ஸ்போஷரில் அந்த இடம் முழுக்க நிறைந்து வழிந்திருக்கும், வகுத்து என்ன பயன்? இங்கே ஒரு முடிவு எடுத்தாகவேண்டும். ஃப்ளேரே கதாநாயகன் என்றால் குறுகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சுற்றியுள்ள வளையங்கள் முக்கியம் என்றால் வழக்கமானவற்றை. ஜேசாக் தேடலிலேயே எக்ஸ்போஷர் நேரம் இவ்வளவுக்கு மேல் என்று நிபந்தனை போடலாம், இறக்கும் முன்பே வடிகட்டிவிடும். இவ்வளவு முக்கியமான விஷயம் மேப்சீக்வென்ஸின் உள்ளேயே ஒரு சுவிட்சாக இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. இல்லை. வீடியோ பார்ப்பவர் பார்ப்பது சூரியனையா கேமராவையா என்பதையே தீர்மானிக்கிற விஷயம் இது, ஆர்வத்தோடு வரும் ஒருவர் முதல் வீடியோவிலேயே முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

இன்னும் சில கருப்பு ஃப்ரேம்கள் வரலாம். எஸ்டிஓவின் சுற்றுப்பாதை அப்படி, வருடத்தில் இரண்டு பருவங்களில், ஒவ்வொன்றும் சுமார் மூன்று வாரம், தினமும் பூமி குறுக்கே வந்து சூரியனை மறைக்கும், அதிகபட்சம் 72 நிமிடம் வரை. அந்தச் சமயத்து ஃப்ரேம்களை ஹெடரிலுள்ள குவாலிட்டி மதிப்பைப் பார்த்துத் தூக்கிவிடலாம். பூமியின் விளிம்பு மங்கலாக ஊர்ந்து போவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை இது: சன்பையை மேப் வரை பயன்படுத்துங்கள், மேப்சீக்வென்ஸை முன்னோட்டம் பார்க்க மட்டும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, திருத்தி, நார்மலைஸ் செய்து, வண்ண அட்டவணையைப் பூசி, 8 பிட் படமாக்கி பிஎன்ஜியாக எழுதி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு படம்தான் நினைவகத்தில் இருக்கும், சாதாரண லேப்டாப் போதும், வேண்டுமானால் பல கோர்களில் பிரித்தும் ஓட்டலாம். வண்ண அட்டவணைகள் சன்பையிலேயே வருகின்றன, 171க்குப் பொன், 304க்குச் சிவப்பு, 94க்குப் பச்சை என்று. இவை சூரியனின் நிஜ நிறம் அல்ல, புறஊதாவுக்கு நம் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஏது, அடையாளத்துக்காக வைத்தவை. மேட்பிளாட்லிப்பைத் தாண்டி நேரடியாக அட்டவணையைப் படமாக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: தரவு வரும் ஃபிட்ஸ் வகைக் கோப்பில் முதல் வரி கீழே, பிஎன்ஜியில் முதல் வரி மேலே. மேல்கீழாகப் புரட்டாவிட்டால் வடதுருவம் தெற்கே போய்விடும்.

அளவைக் குறைக்க சூப்பர்பிக்சல் இருக்கிறது, ஆனால் அது இயல்பாக பிக்சல்களைக் கூட்டும், சராசரி எடுக்காது. நாலுக்கு நாலு சேர்த்தால் எண்கள் பதினாறு மடங்காகி நீங்கள் கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்த மேல் எல்லை எல்லாம் வீண், முழு வட்டும் வெள்ளையாகிவிடும். சராசரி எடு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 4096 அளவிலேயே வீடியோ செய்யவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் அந்த அளவு சதுரத்தைப் பல போன்களின் டிகோடர் ஏற்பதில்லை. 2048 தாராளம், பகிர்வதற்கு 1024 போதும்.

கடைசியாக, படங்களை வீடியோவாக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவி. பிஎன்ஜி ஃபோல்டரைக் காட்டி, விநாடிக்கு இத்தனை ஃப்ரேம், எச்.264 ஆக்கும் லிப்எக்ஸ்264, நிற வடிவம் ஒய்யுவி420பி, தரத்துக்கான சிஆர்எஃப் எண் 18 அல்லது அதற்கும் கீழே (எண் குறையக் குறையத் தரம் கூடும்). ஒய்யுவி420பி இல்லாவிட்டால் பல பிளேயர்களில் ஓடாது. அகலமோ உயரமோ ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டால் வகுபடவில்லை என்று நின்றுவிடும், மேட்பிளாட்லிப்பில் ஓரத்தை இறுக்கமாக வெட்டச் சொல்லிச் சேமிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், போதாக்குறைக்கு நேர முத்திரையின் நீளம் மாறும்போது ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவில் வரும். 304 வீடியோவில் விளிம்புகள் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று திகைக்கவேண்டாம். 420 முறையில் நிறத்தின் தெளிவு பாதியாகிவிடுகிறது, படம் முழுக்கச் சிவப்பு என்பதால் அடி அங்கேதான் விழுகிறது. சாம்பல் நிறத்தில் செய்து பாருங்கள், அதே தரவு கூர்மையாக நிற்கும்.

நீண்ட நேர வீடியோ செய்பவர்களுக்கு சன்பை மறுபடி முகம் காட்டும் இடம் ஒன்று உண்டு. வட்டின் நடுவில் ஒரு புள்ளி மணிக்குச் சுமார் 10 ஆர்க்செகண்ட் நகர்ந்துவிடும், சின்னச் சட்டத்தில் ஒரு நாள் ஓட்டினால் உங்கள் சூரியப்புள்ளி ஓரமாகப் போய் மறைந்துவிடும். ரீபுரொஜெக்ட் வசதியோடு, சூரியப் பரப்பின் சுழற்சியோடு சேர்ந்து நகர்த்து என்று சொன்னால் மத்தியப் பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுழல்வதைக்கூடக் கணக்கில் எடுத்து எல்லா ஃப்ரேமையும் ஒரே நேரத்துப் பார்வைக்குக் கொண்டுவரும். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் புள்ளிகள் அசையாமல் நிற்க, அவற்றின் மேலே வளையங்கள் மட்டும் ஆடும் வீடியோ கிடைக்கும்போது அந்தக் காத்திருப்புக்கு நியாயம் கிடைக்கும். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் மங்கலான நூல்களை மேலே கொண்டுவர சன்கிட்-இமேஜில் எம்ஜிஎன் என்ற வடிகட்டி இருக்கிறது, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுச் சமன் செய்கிறது, அதன்பின் எது பிரகாசம் எது மங்கல் என்று அந்த வீடியோவை வைத்துப் பேசக்கூடாது.

ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, எடுத்துக்காட்டுத் தொகுப்பு நிஜமாகவே ஓடும் கோடோடு இருக்கிறது. தேடுபொறியில் கிடைக்கும் பழைய கோட்தான் ஆபத்து. மேப்கியூப் என்று பார்த்தால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள், மேப்சீக்வென்ஸின் பழைய பெயர் அது. ஏஐஏபிரெப் சன்பைக்குள் இருப்பதாகச் சொன்னாலும் அப்படியே, அது வெளியேறி ஏஐஏபைக்குப் போய்விட்டது. பதிப்புக்குப் பதிப்பு இப்படிப் பெயர்களும் இடங்களும் மாறும், ஒரு வேலையைத் தொடங்கினால் பதிப்பைப் பூட்டிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெறுமனே அழகான வீடியோ ஒன்று வேண்டும், எண்கள் வேண்டாம் என்பவர்கள் இவ்வளவு தூரம் வரவே தேவையில்லை. ஹீலியோவியூவர் தளத்தில் தேதியும் அலைநீளமும் கொடுத்தால் அதுவே வீடியோ செய்து தரும், ஹெச்விபை என்ற லைப்ரரி வழியாகப் பைத்தானிலிருந்தும் கேட்கலாம், கணினியில் நிறுவிக்கொள்ள ஜேஹீலியோவியூவர் இருக்கிறது. அங்கே வருவது ஏற்கெனவே 8 பிட்டுக்குச் சுருக்கி, நீட்டல் எல்லாம் செய்துவைத்த படங்கள், அதனால் மினுக்கல் தொல்லை குறைவு, அதே காரணத்தால் அவற்றை வைத்து அளவெடுக்கவும் முடியாது. நான் ஒரு நிகழ்வை முதலில் ஹீலியோவியூவரில் ஓட்டிப் பார்த்து, எந்த அலைநீளம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் ஃபிடோவைக் கூப்பிடுகிறேன்.